கரி வண்டி

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையை ஒட்டி, நாலு மா நிலத்தில் ஒரு காயலான்கடை இருக்கிறது. ஒரு காலத்தில் நஞ்சை. மூன்று பக்கமும் இப்போதும் நடவு நடக்கிறது; நடுவில் மட்டும் நெல்லுக்குப் பதில் லாரிகள். முன்முகம் இல்லாத டாடா 1210, கதவுகள் கழற்றிய அம்பாசடர், சக்கரமில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும் லேலண்ட். ஒரு மெட்டடார் வேனுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

பழைய இரும்பு வாங்க வந்த காயல்பட்டினத்து வியாபாரிகளால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் அது மனிதர்களுக்கும் பொருந்தும். தாத்தா கடைசி வருஷங்களில் தன் முழங்காலைத் தட்டி, "இது காயலான்கடை கேஸுடா" என்பார்.

அவருக்காகத்தான் போனேன். 1943 வாக்கில், பதினைந்து வயதில், கும்பகோணம் பக்கம் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தவர் அவர். வேலை, கரி போடுவது. வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தீக்காயத் தழும்பு இருந்தது. அவர் போய்ப் பல வருஷமாகிறது. கை நிறையச் சம்பளம் வாங்கும் மென்பொருள்காரனான எனக்கு, அந்தத் தழும்பைப் போட்ட இயந்திரத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

"கரி உலையா?" என்று சிரித்தார் கடைக்கார பாய். "அதெல்லாம் எங்க அத்தா காலத்துலேயே உருக்குக்குப் போயிருச்சு தம்பி. நானே பார்த்ததில்ல. உள்ள போய்ப் பாருங்க, கால்ல மட்டும் ஏதும் குத்திக்காதீங்க."

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பர்மா எண்ணெயும் அதோடு நின்றது. கிடைத்த பெட்ரோல் ராணுவத்துக்கு. பஸ் ஓடவேண்டுமென்றால் வேறு எதையாவது எரித்தாகவேண்டும். மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து விற்றது அப்போதுதான்.

பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை. அதில் மரக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, கையால் ஒரு விசிறியைச் சுற்றவேண்டும். போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் அது பெட்ரோல்போல எரியும். அதுபோல என்றுதான் சொல்லலாம், அதே பலத்தோடு இல்லை. வாயுவில் பெரும்பகுதி எரியாத நைட்ரஜன் என்பதால் எஞ்சினின் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். மலைப்பாதையில் இது பெரும்பாடு. மேடே இல்லாத எங்கள் சீமையில் சமாளித்தார்கள். ஆற்றுப் பாலம் ஏறும்போது மட்டும் ஆம்பளைகள் இறங்கித் தள்ளவேண்டும் என்பார் தாத்தா. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து விசிறி சுற்றினால்தான் முதல் வண்டி கிளம்பும். உலை மூடியை அவசரமாகத் திறந்த ஒரு நாளில்தான் அந்தத் தழும்பு. மருந்து, வாழைப்பட்டைச் சாறு. மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். உலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற பையன்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் 'பித்தம்' என்றார்களாம்.

போர் முடிந்ததும் பெட்ரோல் வந்தது, உலைகள் கழன்றன. ராணுவம் ஏலம்விட்ட டிஸ்போசல் லாரிகள் வந்தன. 1950களில் சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைப் பழைய பெட்ரோல் வண்டிகளில் மாற்றிப் பொருத்தினார்கள். ஒரே சேஸிஸ் பெட்ரோல், கரி, மறுபடி பெட்ரோல், பிறகு டீசல் என்று நாலு பிறவி எடுத்திருக்கலாம். காயலான்கடை அப்போது சுடுகாடு இல்லை, ஆஸ்பத்திரி.

இவற்றுக்கெல்லாம் ஆவணம் தேடினால் கிடைப்பது வழக்குகள்தான். கும்பகோணத்தின் ராமன் அண்ட் ராமன் கம்பெனி பெர்மிட் தகராறில் உச்ச நீதிமன்றம்வரை போய், 1956-லும் 1959-லும் வந்த தீர்ப்புகளைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். பெர்மிட் இருக்கிறது, அரசாணை இருக்கிறது, அதிகார வரம்பு இருக்கிறது. பஸ் இல்லை. கரி போட்ட பையன் இருப்பான் என்று எதிர்பார்ப்பதே தப்பு. வண்டி தேய்ந்தால் வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம், தடம் போனால் போனதுதான். முதலாளிகளின் சொத்து இரும்பு அல்ல, காகிதம்.

1972-ல் அந்தக் காகிதமும் அரசிடம் போனது. ராமன் அண்ட் ராமன், ஸ்ரீராம விலாஸ் சர்வீஸ் ஆகியவற்றின் பேருந்துகளோடு கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தாத்தாவும் அரசாங்க டிரைவரானார். பென்ஷன், போனஸ், காக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான். தனியார் கம்பெனிகளின் பொற்காலத்தைப் பற்றி யாராவது உருகினால் அவருக்குக் கோபம் வரும்.

கடைக்குள் நடந்தேன். டி.என். 49, 51, 68 என்று பலகைகள். பாயின் ஆபீஸ் அறையே ஒரு பழைய பஸ்ஸின் பின்பாதி. உள்ளே தேக்குச் சட்டங்கள். இரும்புக் கூடு வருவதற்கு முந்தைய கட்டுமானம். ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் ஒரு மங்கிய மஞ்சள். எந்தக் கம்பெனியின் மஞ்சள்? சொல்ல வழியில்லை. வண்டியை உடைப்பதற்கு முன் சேஸிஸில் எண் அடித்த துண்டைத்தான் முதலில் வெட்டி எடுக்கிறார்கள், பதிவை ரத்துசெய்ய. பெயர் போன பிறகுதான் உடம்பு போகிறது.

2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது. உடைப்பதற்கும் பதிவுபெற்ற நிலையங்கள் வந்துவிட்டன. "இனிமே நமக்கு வர்றது டூவீலரும் தண்ணி மோட்டாரும்தான்" என்றார் பாய். எனக்கு இதில் ஒப்பாரி வைக்க மனமில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸில் ஊருக்குப் போனவன் நான். ஆனால் மூன்று வண்ணங்களைச் சுரண்டிப் பார்க்க அங்கே இடம் இருக்காது.

பஸ் பாதியின் உள்சுவரில் ஒரு தகரத் தகடு. 1967-க்குப் பிறகு அரசு பஸ்களில் எழுதிவைத்த குறள். இரண்டாம் அடி துருவில் போய்விட்டது. விலை கேட்டேன்.

பாய் யோசித்தார். ஸ்குரூடிரைவரால் நாலு மூலையையும் நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, தராசில் வைத்தார். முந்நூறு கிராம் காட்டியது.

"தகரத்துக்கு என்ன வெல, தம்பி. கொண்டு போங்க."

நான் அந்தத் தேக்குச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அது விக்கிறதுக்கில்ல" என்றார்.