பலாலி விமான நிலையம்

இலங்கையின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே மயிலிட்டியை அடுத்து அமைந்த விமான நிலையம். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. 2019 முதல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்பது இதன் அலுவல் பெயர். ஊர் வழக்கில் இன்றும் பலாலிதான். சென்னைக் கரைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. சென்னையிலிருந்து வான்வழித் தொலைவு சுமார் 350 கிலோமீட்டர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை இங்கே ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே இவ்வழியாகத்தான் நடந்தது: 1947 டிசம்பர் 10 அன்று ஒரு டகோட்டா விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சென்னைக்கும் திருச்சிக்கும் இங்கிருந்து விமானங்கள் சென்றன. 1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983க்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டதும் நிலையம் படைத்தளமாகியது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிய இந்திய அமைதிப்படையின் ஹெலிகாப்டர்கள் பலாலியிலிருந்தே கிளம்பின.

நிலையத்தின் வரலாற்றில் ஆழமான காயம் 1990இல் ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி முதலிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். தளத்தைச் சுற்றிய பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்த செம்மண் தோட்டங்கள் அதற்குள் அகப்பட்டன. நாட்டின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டியும் அகப்பட்டது. அந்தக் குடும்பங்களில் பல நலன்புரி முகாம்களிலேயே ஒரு தலைமுறையை வளர்த்தன. ஓடுபாதையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவர்களைத் தவிர்த்துவிடுகிறார்கள். இவர்களை விட்டுவிட்டால் பலாலியின் வரலாறு பாதிக்கு மேல் போய்விடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை போரினால் மூடியிருந்த காலங்களில் அங்குள்ள மக்களுக்குக் கப்பலும் பலாலி விமானமுமே வழி; அதற்கும் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன.

2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி வந்தது. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் பறக்கிறது. இரு நிறுவனங்களும் சிறிய ஏடிஆர் விமானங்களையே இயக்குகின்றன. தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி வடக்கே சென்னைக்கு வரும் சுற்றுப்பாதை யாழ்ப்பாணத்தாருக்கு இதனால் மிச்சம்.

காணிப் பிரச்சினை தனியே தொடர்ந்தது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சுவீகரிப்பதாக அரசு அறிவித்தது. உரிமையாளர்கள் பெருந்தொகையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மீனவர்களிடம் திரும்பியது. காணி உறுதி கையில் இருந்தும் நிலத்துக்குள் போக முடியாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஓடுபாதையை நீட்டுவதற்குப் புதிதாக ஓர் அடி நிலம் எடுக்கும் முன், ஏற்கெனவே எடுத்ததை உரியவர்களிடம் ஒப்படைப்பதே நியாயம்.