வொரண்டியும் எஞ்சின் டியூனிங்கும்: ஒரு சிறு வரலாறு



"சேர், எஞ்சின டியூன் பண்ணினா வொரண்டி போகுமா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை அமெரிக்காவிலிருந்து சொல்வதே இலகு.

1932இல் ஃபோர்ட் கம்பனி மலிவு விலையில் வி8 எஞ்சின் காரை வெளியிட்டது. கலிபோர்னியா இளைஞர்கள் அதில் மேலதிக கார்புரேட்டர்களைப் பூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு பழைய பாகங்களையே திரும்பப் பூட்டினால், மாற்றியதற்குப் பெரிதாகத் தடயம் இருக்காது.

1975 ஜனவரி 4இல் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் மக்னசன்-மொஸ் வொரண்டிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். "எங்கள் ஒயில் ஃபில்டரைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வொரண்டி இல்லை" என்று கம்பனி இனிச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதானால் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வெளிப்பாகம் பூட்டியதைக் காரணம் காட்டி ஒரு பழுதைத் திருத்த மறுத்தால், அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பனியே காட்ட வேண்டும்.

ஆகவே டியூன் செய்த காரில் ஏசி பழுதானால் வொரண்டி உண்டு. ஆனால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டி பிஸ்டன் உடைந்தால், செலவு நம்முடையதாகலாம்.

இதற்கிடையில், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் எஞ்சினுக்குள் கணினி வந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. டியூனிங்கும் ஸ்பேனரிலிருந்து மென்பொருளுக்கு மாறியது. மென்பொருளோ தடயம் விடும். அங்குள்ள ஃபோக்ஸ்வாகன், ஔடி டீலர்கள் மாற்றிய மென்பொருளைக் கண்டால் அந்தக் காரின் பதிவில் 'டிடி1' என்று குறித்துவிடுவார்கள். பிறகு பழைய மென்பொருளை ஏற்றினாலும் அந்தக் குறி போகாது.

இது அமெரிக்கச் சட்டம். நம் நாட்டில் முதலில் உங்கள் வொரண்டிப் பத்திரத்தை வரிவரியாக வாசியுங்கள். டியூன் செய்வதென்றால், உடைந்தால் என் செலவு என்று நினைத்தே செய்யுங்கள். செய்துவிட்டு, பழைய மென்பொருளை ஏற்றி "ஒண்டும் செய்யல்ல" என்று சொல்லப் போகாதீர்கள். கம்பனி நம்மை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. நாமும் ஏமாற்றக்கூடாது.