கிட்டியிலிருந்து கைரேகைக்கு

கிட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது கிட்டிப்புள் விளையாட்டுத்தான். பழைய அகராதிகளைப் புரட்டினால் இன்னொரு பொருளும் கிடைக்கும்: கைகால்களை இடுக்கி நெரிக்கும் வதைக்கருவி. அகராதிக்குள் மட்டும் வாழ்ந்த சொல்லன்று அது. 1855ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் ஆங்கில எழுத்துகளில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைக்கும் 'அண்ணாந்தாள்', கண்ணில் இடும் மிளகாய் ஆகியவையும் உடன் உண்டு.

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட அக்குழு நோயின் வேரையும் சுட்டியது. வரி வசூலும் காவலும் ஒரே தாசில்தாரின் கையில் இருந்தன. வரிபாக்கியைக் கறக்கவும் குற்ற ஒப்புதலைக் கறக்கவும் ஒரே கருவி போதுமானதாக இருந்தது. 1859இல் சென்னை மாகாணக் காவல்துறை தனிச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவலரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என்றது. 1872இன் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் அதை உறுதிசெய்தது. தன் காவலரையே நம்பாத சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

ஒப்புதலுக்கு மாற்றான வழிகளும் இங்கேயே தோன்றின. 1849இலேயே சென்னையில் வேதியியல் ஆய்வாளரின் கூடம் அமைந்துவிட்டது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்கள் வகைப்பாட்டு முறைக்கு உழைத்தனர்; உலகம் அதை அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயரால் அறிந்தது. பின்னர் மரபணுச் சோதனை வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்லவேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் இதற்கு வழிசெய்ய வேண்டும்.

ஆயினும் ஒரு வாயில் மூடப்படவேயில்லை. ஒப்புதல் செல்லாது; ஆனால் அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சுட்டிய பகுதி மட்டும் செல்லும். 1861இலேயே இருந்த இவ்விலக்கு, 1872இல் 27ஆம் பிரிவாகி, 2023இன் சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. தடயத்தைத் தேடி மனிதனை அடைவது அறிவியல். மனிதனைப் பிடித்து அவன் வாயிலிருந்து தடயத்தைப் பெறுவது பழைய வழி. அந்தப் பழைய வழிக்கு இச்சிறு விலக்கே இன்றும் இடந்தருகிறது.

அறிவியலும் சில வேளைகளில் கிட்டியின் வேலையை ஏற்றுக்கொண்டதுண்டு. ஒருவரின் சம்மதமின்றி மருந்தேற்றி உண்மை கறக்கும் சோதனை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டுமென்று அதே நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது.

முன்னது உடலின் உட்புறத்தைக் காக்க வந்தது. பின்னது அதன் வெளிப்புறத்தை. மூவர் குழு தன் அறிக்கையை அளித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விரு காப்பும் தேவைப்பட்டன என்பதை, கருவிகளின் வளர்ச்சியை வியக்கும்போது நாம் மறந்துவிடலாகாது.