தலையிடியைக் காட்ட ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

தலையிடி என்று போனால் எங்கள் திகன பக்கத்தில் மூன்று பதில்கள் கிடைக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள், பீனிசமாக இருக்கும் ஆவி பிடியுங்கள், கண்டதையும் யோசிக்காமல் நித்திரை கொள்ளுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்று சரியாகவே இருந்துவிடும். மூன்றுமே சரிவராத சிலரைப் பற்றி, அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் சித்தியின் மகளுக்கு 29 வயது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு கூடியது. அதற்கு அடுத்த வருடம் தலையிடி தொடங்கியது. காலையில் எழும்பும்போதே இடி, குனிந்து நிமிர்ந்தால் சில விநாடிகளுக்குக் கண் மங்கல், இரவில் காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஸ் உஸ்’ என்று ஒரு சத்தம். ஒற்றைத் தலையிடி என்று எட்டு மாதம் மாத்திரை எடுத்தாள். கடைசியில் கண்ணாடி மாற்றப்போன இடத்தில் கண்ணைச் சோதித்தவர்தான், பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. நாரியில் ஊசி போட்டு அளந்தபோது அழுத்தம் 34. மருந்தும் எடைக்குறைப்புமாக ஒரு வருடத்தில் நரம்பு வீக்கம் வற்றியது. தலையிடி மட்டும் போகவில்லை.

“அக்கா, பிரஷர் எறங்கிருச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் இன்னும் இடிக்குது? சீனிக்குப் பாக்கிற மாதிரி ரத்தத்தில பாத்துச் சொல்ல ஒன்னும் இல்லையா?” என்று கேட்டாள். இது வெறும் அறிவியல் ஆர்வத்தில் கேட்ட கேள்வி அல்ல. டாக்டரே சரியென்று சொன்ன பிறகும் இவள் படுத்துக் கிடப்பது வேலைக் கள்ளம் என்று புருஷன் வீட்டில் பேச்சு. ரிப்போட்டில் எழுதாத நோவை வீட்டில் நம்புவதில்லை.

அவளுக்குச் சொல்வதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

நோயின் இயக்கம் முதலில். மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஒரு தெளிந்த திரவம் இருக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிலீற்றர்தான். ஆனால் ஒரு நாளில் ஊறுவது கிட்டத்தட்ட அரை லீற்றர். ஊறுகிற அளவுக்கு அது நாளங்கள் வழியே இரத்தத்தில் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். விக்டோரியா அணைக்கட்டின் பக்கத்தில் வாழும் எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. வரத்து கூடி, போக்குக் குறைந்தால் மட்டம் ஏறும். அணைக்கு வான்கதவு இருக்கிறது, மண்டையோட்டுக்கு அது கிடையாது. அழுத்தம் பார்வை நரம்பின் உறை வழியாகக் கண்ணுக்குப் பின்னால்வரை போய், நரம்பின் தலையை வீங்க வைக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். போன பார்வை பல நேரங்களில் திரும்பி வராது.

நாரி ஊசியை 1891இல் ஜேர்மனியின் கீல் நகரில் அறிமுகப்படுத்தியவர் ஹைன்றிச் குவின்கே. கட்டி இல்லாமலே கட்டி போல அழுத்தம் ஏறும் இந்த நோயை அவரே இரண்டு வருடத்தில் விவரித்தார். 1904இல் மக்ஸ் நொன்னே இதற்குப் ‘பொய்க்கட்டி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பிறகு 1950களில் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழியோடு ஒரு பெயர் வந்தது. கண் போன பெண்களிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொன்னார்களோ தெரியவில்லை. இன்று அந்த அடைமொழியைக் கைவிட்டு, ‘காரணம் அறியப்படாத மண்டையோட்டு உள்ளழுத்த உயர்வு’ என்கிறார்கள். வளர்ந்தவர்களில் 25 சென்ரிமீற்றர் நீரளவும் அதற்கு மேலும் இருந்தால் அழுத்தம் உயர்வு என்று கொள்கிறார்கள். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் எடை கூடியவர்கள்.

காரணம் அறியப்படாதது என்று முடிவுகட்டுவதற்கு முன், அறியப்பட்ட காரணங்களை விலக்கியாக வேண்டும். மூளை நாளங்களில் இரத்தம் உறைவது அவற்றில் மிக ஆபத்தானது. அதற்குத் தனியாக நாளங்களைப் பார்க்கும் ஸ்கேன் தேவை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், விற்றமின் ஏ மிகை, கடும் இரத்தச்சோகை, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் எல்லாம் பட்டியலில் உண்டு. எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்ளினும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதை நிறுத்தச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் உயிரை எடுக்கும், இந்தப் பக்கவிளைவு அபூர்வம். ஆனால் புதிதாகத் தலையிடி வந்தால் எடுக்கும் மருந்தெல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பரு மாத்திரை உட்பட.

இனித் தங்கையின் கேள்வி. அழுத்தம் ஏறினால் தலை இடிக்கும், இறங்கினால் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 165 பேரைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. எல்லோருக்கும் எடைக்குறைப்பு உணவு, பாதிப்பேருக்கு அதனோடு திரவம் ஊறுவதைக் குறைக்கும் அசெற்றசோலமைட், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களின் பார்வை மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது, அழுத்தமும் கூடுதலாக இறங்கியது. தலையிடியிலோ இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் 84 வீதமானோருக்குத் தலையிடி இருந்தது. ஆனால் ஊசியில் அளந்த அழுத்தத்துக்கும் தலையிடி அவர்களை எவ்வளவு முடக்கியது என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பாதியளவானோரின் தலையிடி அச்சாக ஒற்றைத் தலையிடி போலவே இருந்தது.

எட்டு மாதம் ஒற்றைத் தலையிடி என்று மருந்து கொடுத்ததற்கு இது ஓரளவு விளக்கம். கண்ணுக்குள் பார்க்காமல் விட்டதற்கு இது விளக்கம் அல்ல.

அழுத்தம் அளவுகோல் இல்லையென்றால் எது? ஆராய்ச்சியாளர்கள் இப்போது கூடுதலாகப் பேசுவது சிஜிஆர்பி என்ற சிறு புரதத் துண்டைப் பற்றி. 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி அது. முகத்திலிருந்தும் மூளையின் உறைகளிலிருந்தும் நோவுச் செய்தியைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பு இதைக் கசியவிடுகிறது. இரத்தக் குழாய்களை விரிய வைப்பதில் இது பலசாலி. ஒற்றைத் தலையிடி வந்த நேரத்தில் கழுத்து நாளத்து இரத்தத்தில் இது உயர்ந்திருந்ததை 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். அந்த வழியில் போய்த்தான் சிஜிஆர்பியின் வேலையைத் தடுக்கும் ஊசிமருந்துகள் வந்தன. முதலாவதான எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தத் துறையில் உழைத்ததற்காக இவ்விருவர் உட்பட நால்வருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான பெரிய டென்மார்க் பரிசு கிடைத்தது.

அழுத்த நோய்க்கு இது எப்படி வந்தது? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அலெக்ஸாண்ட்ரா சின்கிளேயரின் குழு, நரம்பு வீக்கம் வற்றியும் தலையிடி நிற்காத 55 பேருக்கு எரெனுமாப் கொடுத்துப் பார்த்தது. அதாவது என் தங்கை மாதிரியானவர்கள். தலையிடி நாட்கள் வெகுவாகக் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று ஊசிப் பிரிவு எதுவும் அதில் இல்லை, ஆகவே கடைசி வார்த்தையாக எடுக்க முடியாது. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதே குழு கவனித்த இன்னொன்று. மருந்தில் இருந்த சிலருக்கு அழுத்தம் மறுபடி ஏறி, பார்வை நரம்பு திரும்ப வீங்கியது. தலையிடியோ திரும்ப வரவில்லை. அழுத்தம் ஒரு வழியில் போக, நோவு இன்னொரு வழியில் போகிறது. தலையிடி குணமானதை வைத்துக் கண் தப்பிவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அப்படியானால் சிஜிஆர்பியை இரத்தத்தில் அளந்து தங்கைக்கு ஒரு ரிப்போட் கொடுக்கலாமே? முடியாது. இரத்தத்தில் அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கழுத்து நாளத்தில் கூடியிருப்பது கைநாளத்துக்கு வரும்போது கரைந்துவிடும். ஓர் ஆய்வுகூடத்தின் எண்ணும் மற்றதன் எண்ணும் ஒத்துப்போவதில்லை. தலையிடி உள்ளவரின் அளவும் இல்லாதவரின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. எந்த நாட்டிலும் இது வழமையான தலையிடிப் பரிசோதனையாக இன்னும் வரவில்லை. கொழுப்பில் சுரக்கும் லெப்டினையும் பார்த்தார்கள். எடை கூடியவரிடம் அது எப்படியும் கூடத்தான் இருக்கும், நோயைத் தனியாகக் காட்டாது. நியூரோஃபிலமென்ட் என்ற நரம்புப் புரதம் பார்வை நரம்பின் சேதத்தைச் சொல்லக்கூடும், நோவைச் சொல்லாது. யாராவது தனியார் ஆய்வுகூடத்தில் ‘தலையிடி மார்க்கர்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தலையிடி நீடிப்பதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், கலண்டர் போதும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போன்ற சாதாரண நோவு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரையே தலையிடியைப் பிடித்து வைத்திருக்கும். கோடீன் கலந்ததென்றால் 10 நாளே போதும். தங்கையின் சமையலறை அலுமாரியில் இருந்த வெற்று அட்டைகளை எண்ணியபோது அவளே சிரித்துவிட்டாள். இதையும் டாக்டரின் மேற்பார்வையில்தான் விட வேண்டும். முதல் வாரங்களில் இடி கூடும்.

எடை பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எடைக்குறைப்பே இந்த நோயின் அடித்தளச் சிகிச்சை. பர்மிங்ஹாம் குழு 66 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், வயிற்று அறுவைச் சிகிச்சையால் எடை குறைந்தவர்களின் அழுத்தம் உணவுத் திட்டத்தில் இருந்தவர்களைவிட நன்றாக இறங்கியது. நீரிழிவு மருந்தான எக்செனடைட் சில மணி நேரத்திலேயே அழுத்தத்தைக் குறைத்ததை அதே நகரில் ஒரு சிறு ஆய்வு 2023இல் காட்டியது. ஆனால் வாட்டில் எல்லோர் முன்னாலும் “சோத்தைக் குறை” என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அப்படிக் கேட்டவள் அடுத்த கிளினிக்குக்குப் போகமாட்டாள், கண் போகும்.

தலையிடியோடு குனியும்போது கண் மங்குதல், காதில் நாடிச் சத்தம், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தெல்தெனியவிலோ கண்டியிலோ கண் கிளினிக்குக்குப் போய், பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வை திடீரென்று குறைந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். கண்மணியை விரிக்கத் துளிமருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். எடுக்கும் மாத்திரை அட்டைகள் முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகவும் மறக்க வேண்டாம்.