எல்லை தாண்டிய ஓட்டமும் கல்முனை வீதியும்

2016 பெப்ரவரியில் இந்தியாவின் அசாம் மாநிலத்திலுள்ள குவாஹாட்டி நகரில் பன்னிரண்டாவது தெற்காசிய விளையாட்டு விழா நடைபெற்றது. ஆண்களுக்கான மரதன் ஓட்டத்தில் இந்தியாவின் நிதேந்திர சிங் ராவத் 2 மணி 15 நிமிடம் 18 விநாடிகளில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாவதாக வந்தவர் இலங்கையின் அநுராத இந்திரஜித் குரே. அவருடைய நேரம் 2 மணி 15 நிமிடம் 19 விநாடிகள். நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரத்தை ஓடிய இருவரையும் ஒரேயொரு விநாடிதான் பிரித்தது. பெண்கள் பிரிவில் இந்தியாவின் கவிதா ராவுத் முதலிடத்தையும் இலங்கையின் நிலுக்கா கீதானி ராஜசேகர இரண்டாமிடத்தையும் பெற்றனர். அந்த நால்வரும் அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலும் மரதன் ஓடினார்கள்.

அயல்நாட்டுக்குச் சென்று ஓடி, ஒரு விநாடியில் தங்கத்தை இழந்து திரும்பிய ஓட்டவீரரின் கதை பத்திரிகைக்கு நல்ல செய்தி. அந்தச் செய்தி கிழக்குக் கரையோரத்தில் வாழும் நம்மவர்களுக்கு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. எல்லை தாண்டி ஓடுவதற்கு முன் ஒருவர் தன் சொந்த வீதியில் எவ்வளவு தூரம் ஓட முடிந்திருக்க வேண்டும்?

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் ஒரு காலத்தில் பெரிய தடையாக இருக்கவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்துடன் இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. கல்முனையிலிருந்து இந்தியா செல்ல விரும்பியவர் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், இரவுப் புகையிரதத்தில் மாகோ வரை சென்று, அங்கே வடபகுதி வண்டிக்கு மாறி, மதவாச்சியிலிருந்து தலைமன்னார் பாதையைப் பிடிக்க வேண்டும். பயணம் நீண்டதுதான், ஆனாலும் வழி இருந்தது. 1951 மார்ச்சில் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது இலங்கையும் பங்குபற்றியது. அவ்விழாவின் மரதனில் வென்றவர் இந்தியாவின் சோட்டா சிங். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடியக்கரையில் ஏறினார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்தி முடித்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாறிய கப்பற் சேவையும் 1980களில் போரால் நின்றுபோயிற்று. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் ஓட 2023 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவை வரைபடத்தில் தெரியும் எல்லையின் கதைகள். வரைபடத்தில் தெரியாத எல்லையும் உண்டு என்பதை மரதன் வரலாற்றிலேயே ஒருவர் காட்டிச் சென்றிருக்கிறார்.

அவர் கொரியாவின் சோன் கீ சுங். அவர் பிறந்த காலத்தில் கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1935 நவம்பரில் டோக்கியோவில் ஓடி, 2 மணி 26 நிமிடம் 42 விநாடிகள் என்னும் உலக சாதனையை நிலைநாட்டினார். சட்டப்படி அது அவருக்கு வெளிநாடு அல்ல. அவருடைய மனத்தில் அது வெளிநாடுதான். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜப்பானியக் கொடி பதித்த சட்டையுடன், ஜப்பானிய முறையில் உச்சரிக்கப்பட்ட பெயருடன் ஓடித் தங்கம் வென்றார். பரிசு மேடையில் தலை குனிந்து நின்றார். சியோலில் வெளிவந்த 'டோங்கா இல்போ' நாளிதழ் அவருடைய படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். பத்திரிகை பல மாதங்கள் முடக்கப்பட்டது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் எவருக்கும் மறக்க முடியாத நிகழ்ச்சி இது. அதிகாரம் இல்லையென்று சொன்ன எல்லையை அந்த ஓட்டவீரரும் அந்தப் பத்திரிகையும் கண்டிருந்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தீபத்தை ஏந்தி அரங்கினுள் வந்தபோது சோன் கீ சுங்குக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

நம்முடைய கரையோரத்துக்கு வருவோம். மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரம் 1921இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரையிலான வீதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஆக, ஒரு மரதன் தூரத்துக்குச் சற்றே குறைவு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் வயலுமாகச் செல்லும் அந்த வீதியில் ஊர்கள் சங்கிலிபோல் தொடர்கின்றன. கல்முனையைவிட்டுப் புறப்பட்டால் பாண்டிருப்பு தமிழ் ஊர், மருதமுனை முஸ்லிம் ஊர், அதன்பின் பெரியநீலாவணையும் கல்லாறுகளும் களுவாஞ்சிகுடியும் குருக்கள்மடமும் ஆரையம்பதியும் தமிழ் ஊர்கள், பிறகு காத்தான்குடி. தெற்கே போனாலும் அப்படியே. சாய்ந்தமருதுக்கு அப்பால் காரைதீவு, காரைதீவுக்கு அப்பால் நிந்தவூர். கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கும். எல்லாருக்கும் பேச்சு மொழி ஒன்று. தாய்வழிக் குடிமரபும் சீதன வீடும் இரு சமூகத்துக்கும் பொது. அந்நியர் ஒருவர் இந்த வீதியில் ஓடினால் ஓர் ஊர் முடிந்து மறு ஊர் தொடங்குவதையே அறியமாட்டார். ஊரவர்களுக்கோ ஒவ்வொரு ஒழுங்கையும் தெரியும்.

1990இல் அந்த எல்லைகள் இரத்தத்தால் எழுதப்பட்டன. ஜூலை 12ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டு விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். ஓகஸ்ட் 12ஆம் திகதி சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில் கோவில் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒரே கோடையில் நிகழ்ந்தவை இவை. அதன்பின் நெடுங்காலம் இந்த வீதியில் பயணம் செய்தவர்கள் சோதனைச் சாவடிகளை எண்ணிக்கொண்டு மட்டும் செல்லவில்லை. எந்த ஊரைக் கடக்கிறோம் என்பதையும் எண்ணிக்கொண்டே சென்றார்கள்.

மரதன் ஓட்டத்துக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காற்பந்து மைதானத்தின் நான்கு கோடுகளுக்குள் முடியும். கபடிக்கு அதைவிடச் சிறிய இடம் போதும். நூறு மீற்றர் ஓட்டவீரன் பாடசாலைத் திடலிலேயே உருவாகலாம். மரதன் மட்டும் வீதியைக் கேட்கிறது. அதற்கு ஆயத்தமாகிறவர் வாரம் ஒருமுறையேனும் முப்பது கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். விடியுமுன் தொடங்க வேண்டும், தனியாகவும் ஓட வேண்டும். கல்முனை இளைஞர் ஒருவர் அப்படி ஓடினால் அவர் பத்துக்கும் மேற்பட்ட ஊர்களைக் கடக்க நேரும். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இருந்த காலத்தில், விடிகாலை இருளில் அயலூர் வழியே ஓடிவரும் ஓர் இளைஞனை எவர் ஓட்டவீரனாகக் கண்டிருப்பார்? நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக 'மரதன்' என்று ஓர் ஓட்டம் நடத்துவார்கள். பெரும்பாலும் அது ஊருக்குள்ளேயே சுற்றிவந்து முடியும். போர்க்காலத்தில் ஒரு தலைமுறை அறிந்த மரதன் அவ்வளவுதான். நம்மவர்களின் உடல்வலுவுக்கோ ஆர்வத்துக்கோ குறைவில்லை. வீதிதான் இருக்கவில்லை என்பது என் துணிபு.

அந்த எல்லைகள் அழிந்த ஒரு நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் பொங்கி வந்தபோது கரையோர மக்கள் மேற்கே வயல்களை நோக்கி ஓடினார்கள். இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே அலையில் சிதைந்தன. அன்று ஓடியவர்கள் எவர் ஊர் வழியே ஓடுகிறோம் என்று பார்க்கவில்லை. கதவைத் திறந்தவர்களும் பார்க்கவில்லை. அந்த நாளின் நினைவு நெடுங்காலம் நிலைக்கும் என்று பலரும் எழுதினோம். நிவாரணப் பங்கீடு தொடங்கியதும் பழைய கோடுகள் திரும்பி வந்தன.

1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது முதல், இங்கே நிர்வாக எல்லை என்பது வெறும் அலுவலக விடயமாக இருந்ததில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை சென்றது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வழங்கும் அறிவிப்பு 2020இல் வந்த வேகத்திலேயே நிறுத்தப்பட்டது. முன்னையது இரு சமூகங்களுக்கு இடையிலான பிணக்கு, பின்னையது ஒரே சமூகத்துக்குள் எழுந்தது. ஆயினும் 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை ஐந்து நாட்கள் சென்ற பேரணி இதே வீதியால்தான் போயிற்று. கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கும் கொடுமைக்கு எதிரான கோரிக்கையும் அதில் இடம்பெற்றிருந்தது. தமிழ் ஊர்களிலிருந்து வந்தவர்களோடு முஸ்லிம்களும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி அது.

குவாஹாட்டியில் ஒரு விநாடி பிந்தியவரைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எல்லை தாண்டிச் செல்லக் கடவுச்சீட்டும் விசாவும் போதும், அவற்றை அரசாங்கம் தரும். பெரியநீலாவணையைத் தாண்டவும் காரைதீவைத் தாண்டவும் வேண்டிய அனுமதியை அயலவர்தான் தர வேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு 40 கிலோமீற்றர் என்றேன். சாய்ந்தமருதிலிருந்து தொடங்கினால் மரதனுக்குரிய தூரம் ஏறத்தாழ நிறைந்துவிடும். அந்த வீதியில் ஒரு மரதன் ஓட்டத்தை நடத்தி, வழிநெடுக எல்லா ஊராரும் தண்ணீர்ப் பாத்திரங்களோடு நிற்கும் ஏற்பாட்டைச் செய்ய நம்முடைய விளையாட்டுக் கழகங்களால் முடியும். அயல்நாட்டில் ஓடப்போகும் பிள்ளையை அதற்குப் பிறகு நாம் தேடவேண்டியிராது.