என்ற ஊரு கோயமுத்தூருங்

1985-ல் வெளிவந்த 'சின்ன வீடு' படத்தில் பாக்யராஜுக்கு அம்மாவாக வந்த கோவை சரளா, நிஜத்தில் அவரைவிட வயதில் இளையவர். இருபதுகளில் இருந்த பெண்ணைக் கிழவியாக்கினால் பொதுவாக வேஷம்தான் தெரியும். சரளாவிடம் தெரிந்தது தாய். கோபிப் பக்கத்து வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ், அதற்கு முன்பே 'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் இவரைக் கர்ப்பிணியாக நடிக்க வைத்திருந்தார்.

கோவையில் பிறந்து, எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்து நடிப்பு ஆசை வளர்த்தவர் சரளா. முதல் படம் 'வெள்ளி ரதம்' (1979). பிறகு 'கரகாட்டக்காரன்' (1989) வந்தது. உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த கவுண்டமணியோடு அந்தக் கரகாட்டக் குழுவில் இவரும் இருந்தார்.

ஆனால் கொங்கு மக்கள் இவரை உரிமையோடு கொண்டாடுவது 1995-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு வந்த பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி', ரோஸன் பார் நடித்த 'ஷீ டெவில்' என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் கொண்டது. அந்த அமெரிக்கக் கதையில் இல்லாத ஒரு ஜோடி இங்கே உண்டு: கோயமுத்தூர் டாக்டர் சக்திவேல், அவர் மனைவி பழனி. கமல்ஹாசனுக்கு ஜோடி கோவை சரளா! நண்பனின் கள்ள உறவை மறைக்கப் போய்த் தானே மாட்டிக்கொள்ளும் கணவனைச் சந்தேகிக்கிறாள் பழனி. கோபம் ஏற ஏற அவள் பேச்சில் ஊர்வாடையும் ஏறுகிறது. 'என்ற', 'உன்ற' என்று வந்து விழும் சொற்களும், வாக்கியத்தின் கடைசியில் இழுபடும் அந்த 'ங்'கும் நம் வீட்டுத் திண்ணையில் கேட்டவை. கொங்குத் தமிழ் மரியாதையான தமிழ். சண்டையிலும் 'ங்க' போகாது. கணவனைத் திட்டும்போதே மரியாதை கொடுப்பதில் உள்ள வேடிக்கையை, அந்த மண்ணில் வளர்ந்தவரால்தான் இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியும். கேலிக்காகப் பக்கத்தில் நிறுத்தப்பட்டு வந்த வட்டார வழக்கு, அந்தப் படத்தில் கதையின் நடுவே வந்து உட்கார்ந்தது.

'காஞ்சனா' (2011) வந்தபோது குழந்தைகளும் இவருக்கு ரசிகர்களானார்கள். பேய்க்குப் பயந்து இடுப்பில் தாவி ஏறும் வளர்ந்த மகனைச் சுமந்துகொண்டு தானும் நடுங்கும் அம்மாவை யார் மறப்பார்கள்? சிரிப்பே இல்லாத வேடமும் இவருக்குத் தாமதமாக வந்தது. பிரபு சாலமனின் 'செம்பி' (2022) படத்தில், பேத்திக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி தேடும் கொடைக்கானல் மலைக்கிழவி வீரத்தாயி இவர்தான்.

கோவையின் சினிமா வரலாற்றைச் சொல்பவர்கள் சாமிக்கண்ணு வின்சென்ட், வெரைட்டி ஹால், பட்சிராஜா ஸ்டுடியோ என்று பெருமையோடு அடுக்குகிறார்கள். ஊர்ப் பேரைத் தன் பேருக்கு முன்னால் சுமந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடித்துவரும் இந்தப் பெண்ணுக்கும் அதில் ஒரு முழு அத்தியாயம் எழுதுங்கள். அவர் இன்னும் நடித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள்.