கதவைத் திறந்து வைத்த தமிழ்த் தாத்தா

நம் சங்கத்தில் பல வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அறிஞர் ஒருவர் காவிரிப் பாசன வரலாறு பற்றிப் பேசினார். 'தாளடி' என்றால் வைக்கோலை அடித்து நெல் உதிர்ப்பது என்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர் எழுந்து, "இல்லீங்க, குறுவை அறுத்த தாளுலேயே ஐப்பசி வாக்குல நடுவோமே, அந்த ரெண்டாம் போகந்தான் தாளடி" என்றார். "அம்மா எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?" என்று அறிஞர் கேட்டார். சபை சிரித்தது. மேடையில் செயலாளராக உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா சொன்னதுதான் சரி.

அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் நாம் பெருமையாகப் பேசும் பழந்தமிழ் நூல்கள் அச்சுக்கு வந்த கதை நேர் எதிரானது.

உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே வருஷம் அக்டோபர் 21, வியாழக்கிழமை, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் நீளமாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்றார். ஐயருக்கு அப்போது வயது 25. படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கவனியுங்கள், கேள்வி கேட்டவர் பண்டிதர் அல்லர். கோர்ட்டு உத்தியோகஸ்தர், ஒரு நல்ல வாசகர். அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தில் விழுந்திருந்த ஓட்டை வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

பிறகு இருவருமாக சிந்தாமணியைப் படிக்க உட்கார்ந்தார்கள். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. மடத்துப் படிப்பில் அதற்கு விடை கிடையாது. ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் அவரை வீடூர் அப்பாசாமி நயினார் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் தோரணம்! என்ன விசேஷம் என்று விசாரித்தால், அன்றுதான் அந்த வீட்டில் சிந்தாமணி படித்து முடித்திருக்கிறார்கள். பண்டிதர்களுக்கு எட்டாத காவியம் குடும்பத்தார் கூடிக் கேட்கும் பாராயண நூலாக உயிரோடு இருந்தது! அவர்களிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டுத்தான் பல இடங்கள் அவருக்குத் தெளிந்தன.

சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதையெல்லாம் தாண்டி 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல் தொடர்ந்தன. மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளுக்கு, உடன் பணியாற்றிய ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்து விளக்கினார். அவர் தமிழ்ப் பண்டிதரா என்று ஐயர் கணக்குப் பார்க்கவில்லை.

அப்படியானால் முறையான படிப்பே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து வைத்த உழைப்பு பயிற்சி பெற்றவருக்கே உரியது. யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டார்; கேட்டதை ஏட்டோடு வைத்துச் சோதித்தார். கதவு திறந்திருந்தது, தராசும் கையில் இருந்தது.

நம் காலத்திலும் ஐராவதம் மகாதேவன் இருந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வந்தது. இன்று அத்துறையில் அதைத் தொடாமல் யாரும் எழுத முடியாது.

ஊரை விட்டு வந்த நமக்கு இது வெறும் பழங்கதை அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இருக்கும் வயல் சொல், சமையல் சொல், சடங்குச் சொல் எல்லாம் அவர்களோடு போய்விடும். பிள்ளைகளோ இங்கே ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் வளர்கிறார்கள். அந்தப் பெரியம்மா இன்று இல்லை. அன்றைக்கு அவரை மேடைக்கு அழைத்து இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது என் தப்பு.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி நம் கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் அரை மணி நேரம் சபைக்கென்று ஒதுக்குவோம். யார் எழுந்து சொன்னாலும் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரையில் பிழை கண்டாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அடுத்த மலரில் உங்கள் பெயரோடு திருத்தம் வரும்.